சாங்கியில் ஒரு வேலை

சென்ற பருவத்தில் எங்கள் பல்கலைக்கழக வேலைவாய்ப்புக் கண்காட்சியிலிருந்து சிங்கப்பூர்ச் சிறைத்துறையின் கையேடு ஒன்றை எடுத்துவந்தேன். அதைப் பார்த்ததும் அம்மா கேட்டார்: “ஜெயில்ல வேலை பார்க்கவா யூனிவர்சிட்டிக்குப் போற?”

அவர்மீது தவறில்லை. தமிழ்த் திரைப்படங்களில் சிறை அதிகாரி என்றாலே லத்தியும் சாவிக்கொத்தும் உரத்த குரலும்தான். ரஜினியின் ‘ஜெயிலர்’ வந்தபிறகு, இந்த வேலையைப் பற்றிப் பேச்செடுத்தாலே நண்பர்கள் வாயால் பின்னணி இசை போடுகிறார்கள்.

சமூகவியல் மாணவியான என்னை ஈர்த்தது ஓர் எண். 1998ல் சிங்கப்பூர்ச் சிறைகளிலிருந்து விடுதலையானவர்களில் 44.4 விழுக்காட்டினர் இரண்டே ஆண்டுகளில் மீண்டும் சிறைக்கு வந்தனர். அண்மை ஆண்டுகளில் அந்த விகிதம் 20 விழுக்காட்டை ஒட்டியே இருக்கிறது. ஐந்தாண்டுக் கணக்கை எடுத்தால் விகிதம் கூடுகிறது என்பதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனாலும் அது சிறிய மாற்றமன்று.

இதற்குப் பல காரணங்கள் உண்டு. சிறைப் பள்ளியில் சாதாரண நிலை, மேல்நிலைத் தேர்வுகளுக்குப் படிக்கலாம். 2004ல் தொடங்கிய மஞ்சள் ரிப்பன் திட்டம் முதலாளிகளின் தயக்கத்தைக் குறைக்க முயன்றது. எனக்கு முக்கியமாகப் படுவது அதிகாரியின் வேலையே மாறியதுதான். ஒவ்வோர் அதிகாரியும் ஒரு குழுக் கைதிகளுக்கு நேரடி மேற்பார்வையாளர். யாரைப் பார்க்கக் குடும்பம் வருகிறது, யாருக்கு வருகை நின்றுபோனது, யார் திடீரென்று பேசாமல் இருக்கிறார் என்பதை அவர் கவனிக்க வேண்டும். தலை எண்ணுவதும் அறையைச் சோதனையிடுவதும் அதே அதிகாரிதான். ‘வாழ்க்கைகளின் கேப்டன்கள்’ என்று சிறைத்துறை தன் அதிகாரிகளை அழைக்கிறது. முதலில் அது விளம்பர வாசகமாகத்தான் எனக்குத் தோன்றியது.

நம்புவதும் கண்காணிப்பதும் ஒருவரே என்றால் எவ்வளவு சிக்கல் என்பதைப் புலாவ் செனாங் கதை காட்டுகிறது. 1960ல் ரகசியக் கும்பல் உறுப்பினர்களை அந்தத் தீவுக்கு அனுப்பினார்கள். உழைப்பு மனிதனைத் திருத்தும் என்று உறுதியாக நம்பியவர் கண்காணிப்பாளர் டேனியல் டட்டன். காவலர்களிடம் துப்பாக்கி இல்லை. வெறும் தீவில் கைதிகளே சாலை போட்டார்கள், குடியிருப்புகள் கட்டினார்கள். பிறகு, வேலை செய்ய மறுத்த சிலரை டட்டன் சாங்கிக்குத் திருப்பி அனுப்பினார். 1963 ஜூலை 12ஆம் தேதி கலவரம் வெடித்தது. டட்டனும் மூன்று அதிகாரிகளும் கொல்லப்பட்டனர். கட்டியவர்களே கட்டடங்களுக்குத் தீ வைத்தனர். 1965ல் 18 பேர் தூக்கிலிடப்பட்டனர்.

நம்பியதுதான் டட்டன் செய்த பிழை என்று பலர் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. உழைப்பைக் கொடுத்த அளவுக்கு, கைதிகளின் குறையைக் கேட்க அங்கே வழி இருந்ததா என்றுதான் நான் யோசிக்கிறேன்.

சரி, சேர்வது எப்படி? எந்தத் துறையில் பட்டம் பெற்றவரும் விண்ணப்பிக்கலாம். பலதுறைத் தொழிற்கல்லூரி, தொழில்நுட்பக் கல்விக் கழக மாணவர்களுக்கும் வழி உண்டு. உடலுறுதியும் பார்ப்பார்கள். பயிற்சிக்குப் பிறகு கைதிகள் தங்கும் பிரிவில் சுழல்நேர வேலை. அனுபவம் கூடும்போது ஒரு பிரிவின் பொறுப்பு, பிறகு உளவு, திட்டமிடல், மறுவாழ்வு போன்ற பணிகள், ஒருநாள் ஒரு சிறையையே நடத்தும் கண்காணிப்பாளர் பதவி. சீருடை வேண்டாம் என்பவர்கள் உளவியலாளராகவோ ஆலோசகராகவோ சேரலாம்.

2014ல் நடப்புக்கு வந்த நிபந்தனை விடுவிப்பு முறையின்படி, பெரும்பாலோர் தண்டனையில் மூன்றில் இரண்டு பங்கைச் சிறையில் கழித்துவிட்டு, மீதிக் காலத்தை நிபந்தனைகளோடு வெளியே கழிக்கிறார்கள். அதனால் மின்காப்பு அணிந்தவர்களைக் கண்காணிப்பது, குடும்பத்தினரைச் சந்திப்பது எனச் சிறைச் சுவருக்கு வெளியிலும் வேலை இருக்கிறது.

நான் இன்னும் விண்ணப்பிக்கவில்லை. இரவு வேலை எனக்குப் பொருட்டில்லை. ஒருவரின் அறையைக் காலையில் புரட்டிப் போட்டுச் சோதித்துவிட்டு, மாலையில் அவரிடமே, “அம்மா கடிதம் எழுதினாரா?” என்று கேட்க எனக்கு வருமா என்பதுதான் தெரியவில்லை.