பீப்பாய் பியரின் ஆயுள்

நுவரெலியாவில் விளைந்த பொருளோ காய்ச்சிய பானமோ புகையிரதத்திற் கொழும்புக்குச் செல்வதாயின், நானுஓயாவில் ஏறித் தலவாக்கலையையும் கொட்டகலையையும் கடந்தே இறங்க வேண்டும். நானுஓயா வரையிலான பாதை 1885ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது. அதற்கு நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே, 1881இல், நுவரெலியாவிற் பியர்த் தொழிற்சாலை தோன்றிவிட்டது. 1840களின் இறுதியில் அங்கு குடியேறிய சாமுவேல் பேக்கர் என்னும் ஆங்கிலேயரும் தம் குடியேற்றத்தின் தேவைக்குப் பியர் காய்ச்சியதுண்டு. உஷ்ண நாட்டிற் பியர் காய்ச்ச முற்பட்டோர் மலையுச்சியை நாடியதற்கு அங்குள்ள குளிரும் நல்ல நீரும் காரணங்களாகும்.

பியரில் ஏறத்தாழ நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் நீரே. மதுசாரம் ஐந்து பங்கு அளவில் இருக்கும். ஹொப்ஸ் என்னும் பூவின் கசப்பு சில கிருமிகளைத் தடுக்கிறது. எனினும் அதனைக் கெடுக்கும் பகைவர் இருவர் உளர்: ஒன்று உஷ்ணம், மற்றொன்று காற்று.

காற்றின் செயலைக் கொட்டகலை நேயர்க்கு விளக்க வேண்டியதில்லை. கொழுந்தை உருட்டிப் பரப்பி வைத்தால், காற்றிலுள்ள பிராணவாயு அதனைச் செம்பு நிறமாக்கி மணமூட்டுகிறது. உரிய வேளையில் அடுப்புச் சூட்டினால் அச்செயல் நிறுத்தப்படுகிறது. தேயிலையை ஆக்கும் அதே பிராணவாயு பியரை அழிக்கிறது. முதலில் ஹொப்ஸின் மணம் மங்கும். பின்னர் நனைந்த காகிதத்தின் வாடை எழும். காற்றோடு கிருமிகளும் புகுந்தால் புளிப்பு ஏறும். பியர் கெடுவதற்குக் கிருமிகளும் காரணமென்பதை ஆராய்ந்து பாஸ்டர் 1876இல் நூல் வெளியிட்டார். அவர் பெயரால் வழங்கும் மிதமான சூடேற்றும் முறை கிருமிகளை அடக்கும். ஆனால் உள்ளே புகுந்துவிட்ட பிராணவாயுவை அது ஒன்றும் செய்யாது.

உஷ்ணத்தின் கணக்கு இன்னும் எளிது. வெப்பநிலை பத்துப் பாகை உயர்ந்தால் இரசாயன மாற்றங்கள் ஏறத்தாழ இருமடங்கு வேகமாகும் என்பர். நுவரெலியாவின் சராசரி வெப்பம் 16 பாகை சென்டிகிரேட்; கொழும்பினது 27. எனவே மேலே ஒரு மாதத்திற் பியர் இழக்கும் சுவையைக் கீழே இரண்டு வாரத்தில் இழந்துவிடும்.

திறக்காத பீப்பாயைக் குளிர்பதனத்தில் 3 பாகை அளவில் வைத்தால், சூடேற்றாத பியர் ஆறு முதல் எட்டு வாரம் நிற்கும். சூடேற்றியது மூன்று மாதம் வரை நிற்கும். திறந்த பின்னரோ, வெளியே எடுத்த பியரின் இடத்தை எது நிரப்புகிறது என்பதே முழு விஷயமும். உருக்குப் பீப்பாயின் நடுவே அடிவரை ஒரு குழாய் இறங்கும். மேலிருந்து கரியமிலவாயு அழுத்த, பியர் அக்குழாய் வழியே ஏறிவரும். இம்முறையிற் காற்றுக்கு வழியில்லை. குளிரும் குறையாதிருந்தாற் பல வாரம் பழுதில்லை. கைப்பம்பினால் இறைக்கும்போதோ, வெளியேறிய பியரின் இடத்திற் காற்றே புகுகிறது. நுவரெலியாவிலும் கண்டியிலும் மரப்பீப்பாயிலிருந்து அவ்வாறு இறைத்துக் கொடுத்த கடைகள் இருந்தன. மதுவம் உயிரோடிருக்கும் பீப்பாயாயினும் மூன்று நாளுக்குள் தீர்த்துவிடுதல் நலம். காற்றையே அழுத்தி உள்ளே செலுத்தும் விருந்துப் பம்பாயின் மறுநாளே சுவை கெடும். கித்துள் கள்ளின் ஆயுளை நாழிகையால் அளப்பவருக்கு இது நீண்ட காலமாகவே தோன்றலாம்!

புளித்த பியர் பெரும்பாலும் நோய் தருவதில்லை. ஆனால் நாட்கூலியில் ஒரு பங்கைக் கொடுத்து வாங்குபவனுக்கு அது நட்டம். கொட்டிவிட்டாற் கடைக்காரருக்கு நட்டம். 50 லீற்றர் பீப்பாயில் அரை லீற்றர்க் குவளைகள் நூறு உண்டு. மூன்று நாளில் நூறு குவளை விற்காத சிற்றூர்க் கடைக்குக் கைப்பம்பு ஒவ்வாது. வாயுக்கலமும் 30 லீற்றர்ப் பீப்பாயுமே பொருந்தும். குழாய்களை இரு வாரத்திற்கொரு முறை கழுவாத கடையிலோ, பீப்பாய் எத்துணைப் புதிதாயினும் முதற் குவளையே புளிக்கக்கூடும்.

1990களின் பிற்பகுதியில் நுவரெலியாத் தொழிற்சாலையின் உற்பத்தி கொழும்புக்கு அண்மையிலுள்ள பியகமவுக்கு மாறியது. முன்னர்க் குளிரிற் பிறந்து வெப்பத்துக்கு இறங்கிய பியர், இப்போது வெப்பநாட்டிற் பிறந்து மலையேறுகிறது. கொட்டகலையை அடையுமுன் அது வெயிலில் எத்தனை மணிநேரம் நின்றது என்பதைப் பீப்பாயின் மேலுள்ள திகதி காட்டாது.