645 பொருள் கொண்ட ஒரு சொல்

ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் பிள்ளைக்கு முதல் சில வாரங்களிலேயே வந்துவிடுகிற சொல் ‘ரன்’. மூன்று எழுத்து. பக்கத்தில் ‘ஓடு’ என்று எழுதிக்கொண்டு அடுத்த சொல்லுக்குப் போய்விடுவோம். வினைச்சொல்லாக வரும் இந்த ஒன்றுக்கு மட்டும் ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதி 645 பொருள்களைப் பிரித்துக் காட்டுகிறது. அந்தப் பதிவைத் திருத்தி எழுத பீட்டர் கில்லிவர் என்ற அகராதியியலாளருக்கு ஒன்பது மாதம் பிடித்தது.

அகராதியின் முதல் பதிப்பு 1928இல் நிறைவடைந்தபோது மிக நீளமான பதிவு ‘செட்’ என்ற சொல்லுக்கு இருந்தது. 1989இல் வந்த இரண்டாம் பதிப்பிலும் அதற்குத்தான் முதலிடம். பிறகு தொடங்கிய திருத்தப் பணியில் முதலில் ‘மேக்’ முந்தியது, அடுத்து ‘புட்’ முந்தியது, 2011இல் ‘ரன்’ எல்லாவற்றையும் தாண்டியது. இதில் இயந்திரங்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ரயில் வந்தது, மோட்டார் வந்தது, மின்சாரம் வந்தது, கணினி வந்தது; புதிதாக வந்த ஒவ்வொன்றும் வேலை செய்வதைச் சொல்ல ஆங்கிலம் பேசுகிறவர்கள் இந்தப் பழைய சொல்லையே எடுத்துக்கொண்டார்கள். கைபேசியில் ஒரு செயலி இயங்கும்போது கண்ணுக்குத் தெரிய எதுவும் நகர்வதில்லை. அதற்கும் ‘ரன்’தான்.

இந்த 645ஐயும் வரிசையாகப் படித்தால் தலை சுற்றும். வழிதேடிப் போனால் அப்படி இல்லை. காலால் விரைவது ஒன்று. ஆறு ஓடுவது, மூக்கு ஒழுகுவது, துணியின் சாயம் இறங்குவது என்று நீரின் பக்கம் ஒரு கிளை. நிற்காமல் தொடர்வது இன்னொரு கிளை: நாடகம் பல வாரம் ஓடும், ஒப்பந்தம் மூன்று வருஷம் ஓடும். தமிழ் வாசகருக்கு இது அந்நியமே இல்லை. நம்மிடமும் படம் நூறு நாள் ஓடுகிறது, ஃபேன் ஓடுகிறது, எப்படியோ குடும்பமும் ஓடுகிறது. எல்லா இடத்திலும் இரு மொழியும் சேர்ந்து போவதில்லை என்பதும் உண்மை. தேர்தலில் அமெரிக்க வேட்பாளர் ‘ஓடுகிறார்’. பிரிட்டன் வேட்பாளர், நம் ஊர் வேட்பாளரைப் போலவே, நிற்கிறார்.

எனக்குப் பெரிய வியப்பு தருவது சாலைதான். பள்ளத்தாக்கின் நடுவே ஒரு சாலை ஓடுகிறது என்று ஆங்கிலத்தில் எழுதுவார்கள். பாதை மலையைச் சுற்றிப் போகிறது என்று நாமும் சொல்கிறோம். சாலை எங்கே போகிறது? கிடந்த இடத்தில்தான் கிடக்கிறது. வெறும் பேச்சு வழக்கு என்று இதை ஒதுக்கிவிடலாமா என்று டீனி மட்லாக் என்ற அமெரிக்க ஆய்வாளர் சோதித்துப் பார்த்தார். 2004இல் வெளியான அவருடைய ஆய்வில், மாணவர்கள் முதலில் ஒரு பயணத்தைப் பற்றிய சிறு கதையைப் படித்தார்கள். சிலருக்குக் கிடைத்த கதையில் பயணம் வேகமானது, அல்லது தூரம் குறைவு, அல்லது நிலம் சமதளம். மற்றவர்களுக்கு மெதுவான பயணம், அல்லது நெடுந்தூரம், அல்லது கரடுமுரடான நிலம். அதன்பின், சாலை அந்த நிலத்தின் குறுக்கே செல்கிறது என்பது போன்ற ஒரே வாக்கியத்தை எல்லோரும் படித்தார்கள். கடினமான பயணத்தைப் படித்தவர்களுக்கு அந்த வாக்கியத்தைப் படித்து முடிக்கக் கூடுதல் நேரம் ஆனது. சாலை அங்கே இருக்கிறது என்று மட்டும் வாக்கியத்தை மாற்றியபோது அந்த வேறுபாடு தெரியவில்லை. அசையாத சாலையின் மேல் மனம் உண்மையிலேயே ஒரு நடை நடந்து பார்க்கிறது!

பொருள்கள் பெருக இலக்கணமும் ஒரு காரணம். தமிழில் குதிரை ஓடும், ஆள் குதிரையை ஓட்டுவான்; இரண்டு வடிவங்கள். பழைய ஆங்கிலத்திலும் இப்படித்தான் இருந்தது. ஓடுவதற்கு ‘இர்னன்’, ஓட வைப்பதற்கு ‘ஆர்னன்’. வைகிங்குகளோடு வந்த நார்ஸ் மொழியின் உறவுச் சொற்களும் சேர்ந்துகொள்ள, இடைக்காலத்தில் எல்லாம் கலந்து ஒரே ‘ரன்’ மிஞ்சியது. ஓட்டுகிற பொருள்கள் அத்தனையும் ஓடுகிற சொல்லின் மேல் வந்து ஏறின. கடை நடத்துவது, குளியல் தொட்டிக்குத் தண்ணீர் திறந்துவிடுவது, பத்திரிகையில் செய்தி வெளியிடுவது எல்லாம் அந்தக் கிளை. போதாதென்று பின்னால் ஒரு சிறு சொல்லை ஒட்டினால் இன்னும் பிறக்கும். ‘ரன் அவுட்’ என்றதும் நமக்குக் கிரிக்கெட் நினைவு வருகிறது. சமையலறையில் அதற்குச் சர்க்கரை தீர்ந்துபோயிற்று என்று பொருள்.

சரியாக எத்தனை பொருள் என்று கேட்டால் பதில் எண்ணுகிறவரைப் பொறுத்தது. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தின் ‘வேர்ட்நெட்’ சொற்களஞ்சியம் இதே வினைச்சொல்லுக்கு 41 பொருள்கள்தான் தருகிறது. ஆறு ஓடுவதும் குழாயில் தண்ணீர் ஓடுவதும் ஒன்றா, இரண்டா? எங்கே கோடு கிழிப்பது என்று ஒவ்வோர் அகராதியாளரும் தாமே தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

இத்தனை பொருள் இருந்தும் கேட்கிறவர் திணறுவதில்லை. 2002இல் ஜெனிஃபர் ராட் என்ற ஆய்வாளர், தம் சகாக்களோடு இதைப் பற்றி ஆராய்ந்தார். திரையில் தோன்றும் எழுத்துகள் உண்மையான சொல்லா, வெறும் எழுத்துக்கூட்டமா என்று பங்கேற்பவர்கள் சட்டென்று சொல்ல வேண்டும். நாயின் குரைப்பையும் மரத்தின் பட்டையையும் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைப் போல, ஒன்றோடொன்று தொடர்பில்லாத பொருள்கள் தற்செயலாகச் சேர்ந்துவிட்ட சொற்களை அடையாளம் காணக் கூடுதல் நேரம் பிடித்தது. ‘ட்விஸ்ட்’ போல, ஒன்றிலிருந்து ஒன்று கிளைத்த பல பொருள்கள் கொண்ட சொற்களையோ, கிளைகள் குறைந்த சொற்களைக் காட்டிலும் விரைவாகவே கண்டுகொண்டார்கள்.