பழைய காரைப் பேணுதல்

எம்.ஜி.பி. என்பது இங்கிலாந்தின் அபிங்டன் நகரில் 1962 முதல் 1980 வரை தயாரிக்கப்பட்ட ஸ்போர்ட்ஸ் கார். 500,000-க்கும் அதிகமான கார்கள் உருவாயின. அவற்றுள் பல இன்றும் சாலையில் ஓடுகின்றன. உரிமையாளர்களே வீட்டில் பழுதுபார்க்கும் அளவுக்கு அதன் அமைப்பு எளிமையாக இருப்பது இதற்கு ஒரு முக்கியக் காரணமாகும்.

அதன் 1.8 லிட்டர் இயந்திரத்தில் கணினிக் கட்டுப்பாடு இல்லை. பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர் கைக்கு எட்டும் இடத்தில் உள்ளது. அதன் மேற்பகுதியில் சிறிதளவு எண்ணெய் இருக்க வேண்டும். அது வற்றினால், வேகத்தைக் கூட்டும்போது இயந்திரம் தடுமாறும். மூடியைத் திருகி எடுத்து எண்ணெய் ஊற்றினால் அக்குறை நீங்கும். முன்சக்கர மூட்டுகளுக்குச் சுமார் 5,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை கிரீஸ் இட வேண்டும்.

ஆயினும், மறைந்திருக்கும் துருவே இக்காரின் பெரும் பகை. இதற்குத் தனிச் சட்டகம் கிடையாது. தகடுகளால் ஆன உடற்பகுதியே பாரத்தைத் தாங்குகிறது. திறந்த வகைக் காருக்குக் கூரையின் வலிமையும் இல்லை. எனவே, கதவுகளுக்குக் கீழே உள்ள பெட்டி போன்ற பகுதிகளே அதற்கு முதுகெலும்பு. அவற்றினுள் ஈரம் தங்கினால், வெளியே வண்ணம் பளபளத்தாலும் உள்ளே தகடு அரிக்கப்படும். நாளடைவில் காரின் நடுப்பகுதி தொய்ந்து, கதவுகள் சரியாக மூடா. இதைத் தவிர்க்க, நீர் வடியும் துளைகளை அடைப்பின்றி வைத்து, உட்புறத்தில் மெழுகு தெளிப்பர்.

காரின் அடிப்பகுதியைச் சோதிக்கும்போது ஜாக்கை மட்டும் நம்பக்கூடாது. ஜாக் நழுவினால் உயிருக்கே ஆபத்து. உறுதியான தாங்கிகளின்மீது காரை நிறுத்திய பின்னரே அடியில் செல்ல வேண்டும்.