டீஃபால்ட் கொடுத்தும் நல் எப்படி உள்ளே வந்தது?

இன்னைக்கு ஜாவாஸ்கிரிப்ட்ல டீஸ்ட்ரக்சரிங். எக்மாஸ்கிரிப்ட் 2015-ல சேர்த்த விஷயம்.

ஒரு ஆர்டர் ஆப்ஜெக்ட் இருக்கு. உள்ள விலை, முகவரி, டெலிவரி கட்டணம்னு பல ஃபீல்டு. ஒவ்வொண்ணையும் 'ஆர்டர் டாட் விலை'ன்னு தனித்தனியா எடுக்காம, சமக்குறிக்கு இடதுபக்கம் சுருள் அடைப்புக்குறி போட்டு, வேணும்கிற பெயர்களை மட்டும் எழுதினா போதும். ஒரே வரியில் எல்லாம் வேரியபிளா வந்துடும். இங்க பெயரை வெச்சுத்தான் தேடும், வரிசை முக்கியமில்லை. அரேன்னா சதுர அடைப்புக்குறி. அங்க இடம்தான் கணக்கு. ரியாக்ட்ல யூஸ்ஸ்டேட் எழுதுறவங்க தினமும் செய்யறது இதுதான்.

இதெல்லாம் எந்த டுடோரியல்லயும் கிடைக்கும். நான் மாட்டிக்கிட்டது டீஃபால்ட்ல.

ஃபீல்டு இல்லைன்னா எதை எடுத்துக்கணும்னு பெயர் பக்கத்துலயே ஒரு மதிப்பு கொடுக்கலாம். முன்னாடி வேலை பார்த்த இடத்துல, டெலிவரி கட்டணத்துக்கு 40-ன்னு கொடுத்திருந்தேன். ஃபீல்டே இல்லாத ஆர்டரை வெச்சு டெஸ்ட் எழுதினேன், பாஸ் ஆச்சு. ஆனா நிஜத்துல பேக்கெண்ட் அந்த ஃபீல்டை அனுப்பிச்சு, உள்ள நல் வெச்சு. அன்டிஃபைன்ட் வந்தா மட்டும்தான் டீஃபால்ட் வேலை செய்யும். நல் அப்படி இல்லை. 'இங்க ஒண்ணும் இல்லை'ன்னு ஒருத்தர் தெரிஞ்சே வெச்ச மதிப்பு அது. அதனால அப்படியே உள்ளே வந்துடும்.

கொடுமை என்னன்னா, எரரே வரல. ஜாவாஸ்கிரிப்ட்ல 500 கூட்டல் நல், 500 தான்! அன்டிஃபைன்டைக் கூட்டியிருந்தா, பில்லுல 'எண் இல்லை'ங்கிற அந்த நேன் அசிங்கமா தெரிஞ்சிருக்கும், முதல் நாளே பிடிச்சிருப்போம். இது சத்தமே இல்லாம ரெண்டு வாரம் ஃப்ரீ டெலிவரி கொடுத்துச்சு. அக்கவுண்ட்ஸ்ல இருந்த அக்காதான், "தம்பி, கணக்கு இடிக்குதே"ன்னாங்க.

அவசரத்துல நான் போட்டது, ரெண்டு செங்குத்துக் கோடு இருக்கிற ஆர் ஆபரேட்டர். அதுவும் தப்பு! அது 0-வையும் இல்லாததா எடுத்துக்கும். ஆஃபர்ல உண்மையாவே 0 கட்டணம் இருந்தவங்களுக்கும் 40 ஏறியிருக்கும். கோட் ரிவ்யூல ஒருத்தர் பார்த்துட்டார், தப்பிச்சேன்.

எக்மாஸ்கிரிப்ட் 2020-ல வந்த ரெண்டு கேள்விக்குறி ஆபரேட்டர்தான் இதுக்குச் சரி. நல், அன்டிஃபைன்ட் இந்த ரெண்டுக்கு மட்டும் மாற்று மதிப்பு கொடுக்கும், 0-வைத் தொடாது. இப்பல்லாம் வெளியிலிருந்து டேட்டா வந்தா, முதல்ல டீஸ்ட்ரக்சர் பண்ணிட்டு, அடுத்த வரியில இதைப் போட்டுடறேன். ஒரு வரி கூடுதல்தான். டெஸ்ட்லயும் ஃபீல்டு இல்லாத ஆர்டர் ஒண்ணு, நல் இருக்கிற ஆர்டர் ஒண்ணு, 0 இருக்கிற ஆர்டர் ஒண்ணு.