உங்களுக்குத் தெரியுமா? பெயர் வைக்காத புயல்கள்

கஜா என்பது இலங்கை கொடுத்த பெயர். ஒக்கி, வங்கதேசம் கொடுத்தது. காற்றின் வேகம் மணிக்கு 62 கிலோமீட்டரைத் தொட்டால்தான் புயலுக்குப் பெயர் கிடைக்கும். ஆனால் 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களைப் புரட்டிப் போட்டதற்குப் பெயரே கிடையாது. அது வெறும் வளிமண்டல மேலடுக்குச் சுழற்சி. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. விருதுநகர் மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்வதே ஏறக்குறைய 80 செ.மீ.தான். அதே மாவட்டத்தில் உள்ள நம் திருத்தங்கலிலிருந்து காயல்பட்டினம் நேர்க்கோட்டில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர். “புயல் இல்லையாம்ல?” என்று டிவியை அணைப்பவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை பார்த்துவிட்டு அணைக்கலாம்.

★

கடல் நமக்கு ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறதே என்ற தைரியமும் அரைகுறைதான். 2018 நவம்பர் 16 அன்று வேதாரண்யம் பக்கம் கரையேறிய கஜா, திண்டுக்கல் வழியாகக் கேரளத்தைத் தாண்டி அரபிக்கடல் வரை போனது. கொடைக்கானல் மலையிலும் உயிர்கள் போயின.

★

இந்த வட்டாரத்தின் நிஜமான எதிரி மின்னல். மழை குறைவு, காற்றில் ஈரம் குறைவு என்பதால்தான் பட்டாசுத் தொழில் இங்கே வேரூன்றியது. ஆனால் கோடை மழையும் ஐப்பசி மழையும் இடியோடுதான் வரும். மின்னல் பாய்ந்து பட்டாசு ஆலை அறைகள் தரைமட்டமானது சிவகாசி, சாத்தூர் பக்கம் பலமுறை நடந்திருக்கிறது. அதனால்தான் வெடிபொருள் விதிகள் இதில் கறாராக இருக்கின்றன: மருந்து இருப்பு அறைகளுக்கு இடிதாங்கி வேண்டும், அதை ஆண்டுக்கொரு முறை சோதிக்க வேண்டும், இடிமழை நெருங்கினால் வேலையை நிறுத்திவிட்டு ஆட்கள் அறையை விட்டு விலகிவிட வேண்டும்.

வேடிக்கை என்னவென்றால், ஆலையில் முதல் இடிக்கே எழுந்து வெளியேறும் அதே ஆள், வீட்டில் இருக்கும்போது இடி இடித்தால் காயப்போட்ட துணியை எடுக்க மொட்டைமாடிக்கு ஓடுகிறார். வீட்டில் விதி தலைகீழ்: வெளியே இருப்பவர் உள்ளே வர வேண்டும். தகரக் கொட்டகை, ஓலைச் சாய்ப்பு எல்லாம் ‘உள்ளே’ ஆகாது. கான்கிரீட் வீடு, இல்லையென்றால் கண்ணாடி ஏற்றிய கார்.

★

வெடிமருந்தும் இடியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று ஐரோப்பா கற்றுக்கொண்டது 1769-ல். இத்தாலியின் பிரெஷியா நகரில், வெடிமருந்து சேமித்து வைத்திருந்த இடத்தில் இடி விழுந்தது. நகரின் ஒரு பகுதியே அழிந்தது. அந்த பயத்தில் இங்கிலாந்து, பர்ஃபிளீட் வெடிமருந்துக் கிடங்கைக் காக்க 1772-ல் ஒரு குழு அமைத்தது. அதில் பெஞ்சமின் ஃபிராங்க்ளினும் இருந்தார். குழு சொன்னபடி கூர்முனை இடிதாங்கிகள் வைத்தார்கள். 1777-ல் அங்கேயும் இடி விழுந்தது. சேதம் சொற்பம்.

★

கோபுரக் கலசம்தான் பழங்காலத்து இடிதாங்கி என்று வாட்ஸ்அப்பில் அடிக்கடி வரும். திருத்தங்கல் நின்ற நாராயணப் பெருமாள் கோயில் மலைமேல் இருப்பதால் இங்கே அதை நம்புவதும் எளிது. உயரமான எதிலும் மின்னல் இறங்க வாய்ப்பு அதிகம், அது வரைக்கும் சரி. இறங்கிய மின்சாரம் பத்திரமாக மண்ணுக்குப் போக, மேலிருந்து கீழே வரை அறுபடாத செம்புக் கம்பியோ பட்டையோ வேண்டும். அது இல்லாத கலசம் அழகுக்கும் ஆகமத்துக்கும் சரி, பாதுகாப்புக்கு அல்ல.

★

மின்னலைப் பார்த்ததும் எண்ணத் தொடங்குங்கள். இடிச்சத்தம் கேட்க எத்தனை விநாடியோ அதை மூன்றால் வகுத்தால் கிலோமீட்டர். முப்பது விநாடிக்குள் சத்தம் வந்தால் நீங்கள் ஆபத்து எல்லைக்குள் இருக்கிறீர்கள். கடைசி இடிக்குப் பிறகு அரை மணி நேரம் உள்ளேயே இருங்கள். தலைக்கு மேல் மழை இல்லை என்பது சமாதானமே இல்லை. மழை பெய்யும் இடத்திலிருந்து பத்து கிலோமீட்டர் தள்ளியும் மின்னல் இறங்கும். புனே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனத்தின் ‘தாமினி’ செயலி, உங்களைச் சுற்றி 20 முதல் 40 கிலோமீட்டருக்குள் மின்னல் நடமாட்டத்தைக் காட்டும். ஆடு மேய்க்கப் போகிறவர் போனில் இருக்க வேண்டிய செயலி அது. கரிசல்காட்டில் ஒற்றை மரத்தடியில் ஒதுங்குவதைவிட ஆபத்தான காரியம் இல்லை.

★

செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜரில் செருகிய செல்போன் வேறு கதை. கம்பி வழியே வருவது போனோடு நிற்காது. தண்ணீர்க் குழாயும் அப்படித்தான், அதனால் இடி ஓயும்வரை குளியல், பாத்திரம் கழுவுதல் இரண்டையும் தள்ளிப்போடுங்கள்.

★

மின்னல் தாக்கியவரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்று பயந்து தள்ளி நிற்பதால் போகும் உயிர்கள் உண்டு. அவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது. மூச்சும் நாடியும் இல்லையென்றால் உடனே நெஞ்சின் நடுவில் அழுத்தத் தொடங்கி, 108-ஐ அழைக்கச் சொல்லுங்கள். இந்தியாவில் ஆண்டுதோறும் மின்னலுக்கு 2,000-க்கும் மேற்பட்டோர் பலியாகிறார்கள். 2022-ல் மட்டும் 2,887 பேர்.

★

இதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். “நனைஞ்ச மருந்து வெடிக்காது” என்பது பாதி உண்மை, அந்தப் பாதிதான் ஆளைக் கொல்லும். கரி மருந்து நனைந்தால் நமத்துப்போகும். அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் சேர்ந்த மருந்து அப்படியல்ல. ஈரம் பட்டால் அலுமினியம் உள்ளுக்குள் வேதிவினையைத் தொடங்கும். வாயு வரும், சூடு ஏறும், மூட்டைக்குள் அந்தச் சூடு வெளியேற வழியில்லாமல் தானாகவே தீப்பிடிக்கலாம். இதைத் தடுக்கத்தான் ஆலைகளில் போரிக் அமிலம் சேர்க்கிறார்கள். அனுமதி இல்லாமல் வீட்டில் வைத்துத் திரி சுற்றுவதும் மருந்து செலுத்துவதும் எப்போதுமே தப்பு. ஒழுகும் கூரைக்கடியில் அது இரட்டைத் தப்பு. மழைத்தண்ணீரில் நனைந்த கழிவு மருந்தை வெயிலில் காயவைத்துப் பார்ப்போம் என்று யாராவது சொன்னால், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவை விட்டே நகருங்கள்.

★

காற்று எச்சரிக்கை வந்தால் மாடித் தண்ணீர்த்தொட்டியை நிரப்பி வையுங்கள். ஆயிரம் லிட்டர் ஒரு டன் எடை, அசையாது. காலித் தொட்டி பறக்கும். கரண்ட் போனாலும் தண்ணீர் கையில் இருக்கும்.

★

கரிசல் மண் ஈரத்தில் உப்பும், காய்ச்சலில் சுருங்கி வெடிக்கும். அதனால் அடைமழையில் நின்ற சுவர், மழை விட்ட பிறகு சாய்வது உண்டு. பழைய மண்சுவர், காம்பவுண்டு சுவர் ஓரம் கட்டில் போடாதீர்கள். வெயில் அடிக்கிறதே என்று உடனே பழைய இடத்துக்குத் திரும்பவும் வேண்டாம்.

★

தூத்துக்குடி துறைமுகத்தில் ஏற்றும் புயல் எச்சரிக்கைக் கூண்டுகள் மொத்தம் 11. பத்துதான் உச்சகட்ட ஆபத்து. அப்படியானால் பதினொன்று? வானிலை மையத்தோடு தொடர்பே அறுந்துவிட்டது என்று அர்த்தம். அதையும் ஓர் அபாயக் குறியாக வைத்தவர் புத்திசாலி.

★

நம் வீட்டுக்கும் பதினொன்றாம் கூண்டு உண்டு: டவர் போய், சார்ஜும் தீர்ந்த நேரம். பக்கத்து வீட்டு போன் கிடைத்தாலும் எண் நினைவுக்கு வராது. மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, மாநில அறை 1070, தீயணைப்பு 101, மின்கம்பி அறுந்து கிடந்தால் மின்னகம் 94987 94987. இவற்றைச் சுவர்க் காலண்டரின் அட்டையில் பேனாவால் எழுதி வையுங்கள். நாட்டுக்கே காலண்டர் அடித்துக் கொடுக்கும் சிவகாசி வட்டாரத்தில் அதற்கு ஓர் அட்டை கிடைக்காமலா போகும்!