மொரிஸ் மைனர் காரில் ஸ்டீயரிங், சஸ்பென்ஷன் மாற்றங்கள்

மொரிஸ் மைனர் என்பது 1948-ஆம் ஆண்டு முதல் 1970-களின் தொடக்கம் வரை பிரித்தானியாவில் தயாரிக்கப்பட்ட சிறிய கார் ஆகும். இதை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். பின்னர் மினி காரை உருவாக்கியவரும் இவரே. பிரித்தானியாவில் பத்து இலட்சம் என்ற உற்பத்தி எண்ணிக்கையைத் தாண்டிய முதல் கார் இது. பழைமை காரணமாகப் போற்றப்படும் இக்காரின் ஸ்டீயரிங் (திசைமாற்றி), சஸ்பென்ஷன் (தொங்கல் அமைப்பு) ஆகியவற்றை இருந்தபடியே பேணுவதா, இக்காலப் பாகங்களைப் பொருத்தி மாற்றுவதா என்பது உரிமையாளர்களிடையே நீண்டகாலமாக இருந்துவரும் கேள்வி. இதில் காரின் வரலாற்று மதிப்பு மட்டுமன்றி, பயணிப்போரின் உயிர்ப் பாதுகாப்பும் அடங்கியுள்ளது.

மூல அமைப்பு

மைனரின் முன்பக்கத்தில் சுருள்வில் கிடையாது. அதற்குப் பதிலாக, காரின் நீளவாக்கில் அமைந்த முறுக்குத்தண்டு ஒவ்வொரு பக்கமும் உள்ளது. சக்கரம் மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது கீழ்க்கை இத்தண்டை முறுக்குகிறது. தண்டு மீண்டும் நிமிர முயல்வதே வில்லின் வேலையைச் செய்கிறது. தண்டின் பின்முனை காரின் தரைப்பகுதியில் உள்ள குறுக்குச் சட்டத்தில் பிணைக்கப்பட்டுள்ளதால், தண்டின் முறுக்குவிசையை அச்சட்டமே தாங்குகிறது. எஞ்சின் அறையின் பக்கத் தகடுகளுக்கு அந்தச் சுமை செல்வதில்லை.

மேற்கையாகச் செயல்படுவது நெம்புகை வகை ஷாக் அப்சார்பரின் கையே. அதாவது, அதிர்வை அடக்கும் உறுப்பே சக்கரத்தைப் பிடித்து நிறுத்தும் உறுப்பாகவும் இருக்கிறது. பின்பக்கத்தில் பட்டைவில்களும் நெம்புகை ஷாக் அப்சார்பர்களும் உள்ளன. ஸ்டீயரிங் பற்சட்டமும் பற்சக்கரமும் கொண்ட ‘ரேக் அண்ட் பினியன்’ வகை. 1948-இல் ஒரு சிறிய குடும்பக் காருக்கு இது முன்னேறிய அமைப்பு. மைனரின் ஸ்டீயரிங் துல்லியமானது என்ற நற்பெயருக்கு இதுவே காரணம்.

டிரனியன்: அறியப்பட்ட பலவீனம்

முன்சக்கரத்தைத் தாங்கும் செங்குத்துத் தண்டின் இரு முனைகளிலும் திருகுமரை உண்டு. அம்முனைகள் டிரனியன் எனப்படும் மூட்டுகளுக்குள் திருகப்பட்டிருக்கும். காரின் எடை கீழ்க்கை வழியாக வருவதால், கீழ் டிரனியன் எந்நேரமும் தண்டிலிருந்து கீழ்நோக்கி இழுக்கப்படுகிறது. கிரீஸ் இல்லாமல் ஓடினாலும், கிழிந்த உறை வழியாக மண்ணும் நீரும் புகுந்தாலும் மரை தேய்கிறது. தேய்மானம் எல்லை கடந்தால் தண்டு மூட்டிலிருந்து கழன்று, சக்கரம் மடங்கி, காரின் முன்பகுதி சாலையில் விழும்.

இந்த ஆபத்தைக் காட்டி, முழு முன் சஸ்பென்ஷனையும் மாற்றவேண்டும் என்று வாதிடுவோர் உண்டு. ஆயினும் இது பெரும்பாலும் பராமரிப்பின்மையால் நேரும் பழுது. குறித்த இடைவெளியில் கிரீஸ் ஏற்றப்படும் டிரனியன்கள் நீண்டகாலம் உழைக்கின்றன. புதிய பாகங்களும் கிடைக்கின்றன. கீழ்க்கைக்கு அடியில் ஜாக்கி வைத்துச் சக்கரத்தைத் தூக்கினால் மரையின் மீதுள்ள இழுவிசை நீங்கும். அப்போது மூட்டில் மேலும் கீழுமான ஆட்டம் இருந்தால் தேய்மானம் வெளிப்படும். சக்கரங்கள் தரையில் நிற்கும்போது மட்டும் சோதித்தால் எடையின் இழுவை இந்த ஆட்டத்தை மறைத்துவிடும்.

வழக்கமான மாற்றங்கள்

ஷாக் அப்சார்பர்: நெம்புகை வகையில் எண்ணெய் கசிந்தால் கார் துள்ளத் தொடங்கும். எனவே குழாய் வடிவ ஷாக் அப்சார்பருக்கு மாறுவது பரவலான மாற்றம். பின்பக்கத்தில் இது எளிது. முன்பக்கத்தில் பழைய உறுப்பே மேற்கை என்பதால், அதை இணைப்பாக வைத்துக்கொண்டு புதியதைக் கூடுதலாகப் பொருத்தவேண்டும். அல்லது தனி மேற்கை அமைக்கவேண்டும். நல்ல நிலையில் உள்ள நெம்புகை ஷாக் அப்சார்பர் அன்றாட ஓட்டத்துக்குப் போதுமானது.

சுருள்வில் அமைப்பு: முறுக்குத்தண்டை நீக்கிவிட்டு, ஷாக் அப்சார்பரைச் சுற்றிச் சுருள்வில் கொண்ட தொகுதியைப் பொருத்துவது பெரிய மாற்றம். வில்லின் சுமை இப்போது எஞ்சின் அறையின் பக்கப் பகுதிக்கு மாறுகிறது. அதற்கேற்ற வலுவூட்டல் இல்லையெனில் தகடுகளில் வெடிப்பு தோன்றக்கூடும். துரு அரித்த பழைய காரில் இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

உயரத்தைக் குறைத்தல்: முறுக்குத்தண்டைப் பிணைக்கும் நிலையை மாற்றிக் காரைத் தாழ்த்தலாம். ஆனால் சக்கரம் மேலெழும் இடைவெளி குறைவதால், மோசமான சாலைகளில் அது தடுப்பு ரப்பரில் அடிக்கடி மோதும்.

ரப்பர் புஷ்கள்: இவற்றுக்குப் பதிலாகப் பாலியூரித்தேன் புஷ்களைப் பொருத்தினால் அசைவு குறையும்; அதிர்வும் இரைச்சலும் கூடும். வேண்டாமெனில் பழையபடி மாற்றிவிடலாம்.

ஸ்டீயரிங்கில் கவனிக்க வேண்டியவை

ஸ்டீயரிங்கும் சஸ்பென்ஷனும் தனித்தனி அமைப்புகள் அல்ல. சக்கரம் மேலெழும்போது ஸ்டீயரிங் இணைப்புத் தண்டும் கீழ்க்கையும் ஏறக்குறைய ஒத்த வளைவில் நகரவேண்டும். ரேக்கின் உயரத்தையோ கைகளின் நீளத்தையோ மாற்றினால் இந்த ஒத்திசைவு கெடும். பின்னர், ஓட்டுநர் திருப்பாமலேயே ஒவ்வொரு மேட்டிலும் சக்கரம் தானாகத் திரும்பும். அகன்ற டயர்கள் நிறுத்துமிடங்களில் ஸ்டீயரிங்கைக் கனமாக்கும். சக்கரம் வெளியே தள்ளி நிற்கும்படி பொருத்தினால், சாலையின் ஒவ்வொரு அடியும் ஓட்டுநரின் கைக்கு வரும்.

சட்டமும் மரபும்

பிரித்தானியாவில் 2018 மே மாதம் முதல், 40 ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு ஆண்டுதோறுமான தகுதிச் சோதனையிலிருந்து விலக்கு உண்டு. கடந்த 30 ஆண்டுகளுக்குள் பெருமாற்றம் செய்யப்பட்டிருந்தால் இவ்விலக்கு கிடையாது. சஸ்பென்ஷன் அல்லது ஸ்டீயரிங்கின் வகையை மாற்றுவது பெருமாற்றமாகக் கருதப்படுகிறது. பாதுகாப்பை மேம்படுத்தச் செய்தவை போன்ற சிலவற்றுக்கு விதிவிலக்கு உண்டு. காப்பீட்டு நிறுவனத்துக்கு மாற்றங்களைத் தெரிவிக்காவிட்டால், விபத்தின்போது இழப்பீடு மறுக்கப்படலாம்.

இலங்கையில் மைனர் வெறும் காட்சிப்பொருளாக இருந்ததில்லை. போர்க்கால யாழ்ப்பாணத்தில் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது மொரிஸ் மைனர், ஆஸ்டின் போன்ற பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓட்டப்பட்டன. கையில் கிடைத்ததைக் கொண்டு அவற்றை ஓடவைத்த மெக்கானிக்குகளுக்கு மாற்றம் என்பது விருப்பமன்று, தேவை. எனவே, ஒரு காரில் காணப்படும் பழைய மாற்றங்களும் சில வேளைகளில் அதன் வரலாற்றின் பகுதியே.

முடிவெடுக்கும் வழி

குறை வடிவமைப்பிலா, தேய்மானத்திலா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். டிரனியன், புஷ்கள், ஷாக் அப்சார்பர் எண்ணெய், டயர், சக்கர அலைன்மென்ட் ஆகியவற்றைச் சீராக்கியபின் கார் எவ்வாறு ஓடுகிறது என்று பார்க்காமல் மாற்றத்தைத் தொடங்குவது பொருத்தமற்றது. மாற்றம் தேவையென்றால், வெட்டாமலும் ஒட்டவைக்காமலும் பொருத்தி, மீண்டும் கழற்றக்கூடியதைத் தெரிவு செய்வது நல்லது. கழற்றிய மூலப் பாகங்களைப் பத்திரப்படுத்த வேண்டும். 1098 சிசி எஞ்சினைவிட வலிமையான எஞ்சின் பொருத்தப்பட்டிருந்தால் நிலைமை வேறு: அப்போது பிரேக்கையும் சஸ்பென்ஷனையும் மேம்படுத்தாமல் விடுவதே ஆபத்தாகும்.