பட்டறை உபாத்தியாயரும் புதிய யந்திரமும்

அரத்தையும் கடைசல் யந்திரத்தையும் கொண்டு வாலிபர்களுக்குத் தொழில் கற்பித்து வந்த பட்டறை உபாத்தியாயர்கள் இப்பொழுது தாமே மாணாக்கராக வேண்டியிருக்கிறது. 71 அரசாங்கத் தொழிற் பயிற்சி நிலையங்களைச் சுமார் ரூ. 2,877 கோடி செலவில் நவீனப்படுத்தத் தமிழ்நாடு சர்க்கார் 2022-ம் வருஷத்தில் டாட்டா டெக்னாலஜீஸ் கம்பெனியாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். இம்முயற்சியை நாம் வரவேற்கிறோம். ஆனால் யந்திரத்தை வாங்குவதுபோல் உபாத்தியாயரின் பழக்கத்தைப் பணங்கொடுத்து வாங்கிவிட முடியாது.

கம்ப்யூட்டரால் இயங்கும் கடைசல் யந்திரத்தில் கை சக்கரத்தைச் சுற்றுவதில்லை. எழுத்தும் எண்ணுமே உளியை நடத்துகின்றன. 10 என்ற எண்ணுக்குப் பின் புள்ளி வைக்கத் தவறினால், நாம் 10 மில்லிமீட்டர் என்று கருதியதைச் சில யந்திரங்கள் 10 மைக்ரான் என்று கொள்ளும். ‘ஜி01’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘ஜி00’ என்று எழுதிவிட்டாலோ, நிதானமாக வெட்ட வேண்டிய உளி முழு வேகத்தில் பாய்ந்து உலோகத்தில் மோதும். செல்போனில் பழகிய வாலிபன் இக்குறிகளை உபாத்தியாயரைவிட விரைவில் கற்றுக்கொள்ளக்கூடும். அதில் வெட்கத்திற்கு இடமென்ன? உளி மழுங்கியதை ஓசையால் அறிவதும், எஃகுச் சீவலின் நிறங்கண்டு சூட்டை மதிப்பதும் அவனுக்கு யார் சொல்லித் தருவார்?

ஆகையால், வகுப்பு ஆரம்பிக்குமுன் உபாத்தியாயருக்கு யந்திரத்தின் முன் போதிய காலம் அளிக்க வேண்டும். கம்பெனி நிபுணர் சில நாள் வந்து விளக்கிவிட்டுப் போவது போதாது. திரையில் ஒத்திகை பார்த்த பின், பிழை செய்து திருத்திக்கொள்ள அவருக்கும் இரும்புத் துண்டுகள் வேண்டும். இதற்கெனப் பட்ஜெட்டில் தனித்தொகை ஒதுக்குமாறு சர்க்காரை வற்புறுத்துகிறோம்.